ஓலை விழுந்த பங்குனி

சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் குருவிகுளத்திலிருந்து மாரி போன் செய்தாள். எடுத்ததும் அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஏட்டி, ஓல விழுந்துட்டு." எங்கள் கபடிக் குழுவில் ஆடியவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது விளங்காது. எனக்கு விளங்கிவிட்டது. ரத்தினபாய் அக்கா போய்விட்டார். அழுதுகொண்டே சிரித்துவிட்டேன், ஏனென்றால் அந்த வார்த்தையை எங்களுக்குத் தந்தவரே அவர்தான்.

பாத்திரக்கடை ரத்தினபாய் என்றால் சங்கரன்கோவிலில் உங்களில் பலருக்குத் தெரியும். குடம் வாங்கப் போனவர்களுக்கு, அவர் அதைக் கவிழ்த்துப் போட்டு முழங்கையால் ஓர் இடி இடித்து, "ஒடுங்குச்சா? ஒடுங்கல்லல்லா? எடுத்துட்டுப் போங்க" என்று சொன்னது நினைவிருக்கும். அந்த முழங்கை கபடியில் பழகிய முழங்கை. நான் எழுதப்போவது அந்த ரத்தினபாயைப் பற்றித்தான்.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஓர் அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்ட். மாரி காட்டு வேலைக்குப் போகிறவள். எங்களைப் போலப் பத்துப் பெண்களைச் சேர்த்து அக்கா ஒரு குழு கட்டியிருந்தார். ஆடுவதற்கு இடம்தான் இல்லை. மைதானம் ஆண்கள் குழுவின் கையில் இருந்தது. அவர்கள் வருகிற வரை ஆடிவிட்டு, அவர்கள் வந்ததும் எழுந்து போய்விட வேண்டும். பாதி ஆட்டத்தில் எழுந்து போன நாட்கள்தான் அதிகம். அந்த நேரத்தில் டெல்லிக்கும் வடக்கே ஓர் ஊரில் பெண்கள் போட்டி என்று அழைப்பு வந்தது. ஆண்கள் குழுவின் செயலாளர் டீக்கடையில் வைத்து எல்லார் முன்னாலும் சொன்னார்.

"போயிட்டு வாங்கம்மா. ஒரு மேட்சாவது ஜெயிச்சா மைதானத்துல கிழக்குப் பாதி ஒங்களுக்கு. வெறுங்கையோட வந்தா அந்தப் பக்கமே வரப்பிடாது."

அக்கா டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்கிட்டீகளா? கிழக்குப் பாதி."

பயண ஏற்பாடு முழுவதும் அக்காவின் பொறுப்பு. யாரோ கம்பளி எடுத்துப் போகச் சொன்னதற்கு அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "பங்குனி வெயிலு இங்கன மண்டையப் பொளக்குது. அங்கன மட்டும் குளிருமாக்கும்? சூரியன் ஒண்ணுதானட்டி?" என்றார். கம்பளிக்குப் பதிலாக ஆளுக்கொரு பனையோலை விசிறி, கடையிலிருந்து ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு, குழுவுக்குப் பொதுவாக ஒரு பெரிய பாட்டில் தேங்காய் எண்ணெய். இந்திக்குக் கவலையில்லை, தபாலில் இரண்டு பரீட்சை எழுதியிருப்பதாக அக்கா சொன்னார். இரண்டாவதில் பெயிலானதை ரயில் நாகபுரியைத் தாண்டிய பிறகுதான் சொன்னார்.

விடிகாலையில் அந்த ஊரில் இறங்கினோம். கோதுமை வயல்களின் மேல் மூடுபனி. பல் தந்தியடித்தது. எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை, வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. பத்து மணிக்கு அதே எண்ணெய் உருகித் தெளிந்துவிட்டது, நாங்கள் விசிறியைத் தேடினோம். சாயங்காலம் எங்கிருந்தோ குளிர்காற்று வந்து விசிறிகளை மறுபடி பைக்குள் போட வைத்தது. ஒரே நாளுக்குள் மார்கழியும் சித்திரையும் வந்துபோயின. அந்த ஊர்க்காரர்கள் சால்வையைத் தோளில் போடுவதும் கையில் மடித்து வைப்பதுமாகவே இருந்தார்கள். அக்கா மட்டும் நடுங்கிக்கொண்டே, "நல்ல காத்து, ஒடம்புக்கு நல்லது" என்றார்.

எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். அங்கே தலைப்பாகை கட்டிய ஒரு வாட்ச்மேன். அவருக்குச் சொந்தத்தில் கொஞ்சம் கோதுமை வயல் உண்டு. மறுநாள் பகல் இரண்டு மணிக்கு எங்கள் ஆட்டம். காலையிலேயே அந்த மனிதர் வானத்தைப் பார்த்துக் கவலையோடு எங்களிடம் சொன்னார்: "ஆந்தி ஆயேகி. ஓலா கிரேகா."

அக்கா முகம் மலர்ந்து மொழிபெயர்த்தார். "அந்தி வரும்போது ஓலை வருமாம். மைதானத்துக்கு ஓலைப் பந்தல் போடுதாங்கட்டி. அதான் மேட்ச அந்திக்கு மாத்திட்டாங்க."

"அவரு ஏன் அழுத மாதிரி சொல்லுதாரு?" என்று மாரி கேட்டாள்.

"கெழவருக்குப் பந்தல் வேலைய நெனச்சி அலுப்பு," என்றார் அக்கா.

அந்திக்குத்தானே ஆட்டம் என்று நாங்கள் வயிறு முட்டச் சாப்பிட்டோம். ரொட்டி, உருளைக்கிழங்கு, தயிர், அதற்கு மேல் வெல்லம். கபடி ஆடுகிறவள் ஆட்டத்துக்கு முன்னால் செய்யக்கூடாத எல்லாவற்றையும் செய்துவிட்டு வராந்தாவில் படுத்தோம்.

ஒன்றரை மணிக்கு வானம் செம்மண் நிறமானது. ஒரு புழுதிக்காற்று வந்து எங்கள் துணிகளைக் கொடியோடு பிடுங்கிக்கொண்டு போனது. துணியைப் பிடிக்க வெளியே ஓடினோம். தலையில் கல் விழுந்தது. கோலிக்குண்டு அளவுக்கு ஆலங்கட்டி! மாரி உள்ளே ஓடித் தட்டுகளை அள்ளி வந்தாள். பத்துப் பெண்களும் எவர்சில்வர் தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றோம். கோவில் கொட்டு மாதிரி அப்படியொரு சத்தம். வாட்ச்மேன் வராந்தாவிலிருந்து கையை நீட்டி, "ஓலா! ஓலா!" என்று கத்தினார். அக்கா ஒரு கட்டியைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ஏட்டி, ஓலைன்னா இதுவாட்டி?"

அந்தி என்று அவர் நினைத்த 'ஆந்தி' இந்தியில் புழுதிக்காற்று, 'ஓலா' ஆலங்கட்டி. பனங்காட்டுக்காரிகளுக்கு ஓலை என்றால் ஓலைதான், அது வானத்திலிருந்து விழும் என்று எப்படித் தெரியும்? விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. "தப்பு என்னுதுட்டி. ஒங்க எல்லார் வயித்தையும் நெரப்பி வச்சிட்டேன். மைதானம் போச்சுன்னா என்னால போனதுதான்," என்றார். அவர் குரல் இறங்கி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

ஆலங்கட்டி கால் மணி நேரத்தில் நின்று, மறுபடி வெயில் அடித்தது. களம் முழுக்க வழுக்குச் சேறு. எதிர்க்குழுவினர் நல்ல கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்து வழுக்கி வழுக்கி நின்றார்கள். இந்தச் சேற்றில் ஆட முடியாது, நாணயம் சுண்டி வெற்றியை முடிவு செய்வோம் என்றார் நடுவர். வயிறு நிறைந்திருந்த எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அக்கா விடவில்லை.

"பூவா தலையா போட்டு வாங்குனா, அது ஜெயிப்பே இல்லன்னு நம்ம செயலாளர் சொல்லுவாரு. சொல்லுததுக்கு அவருக்கு வாயி இருக்கு," என்றவர், நேராக நடுவரிடம் போய் இரண்டே வார்த்தை சொன்னார். "ஹம் கேலேகா."

நாங்கள் ஆடுவோம் என்கிறார். இலக்கணம் தப்பு. நடுவர் சிரித்துவிட்டார். எதிர்க்குழுவின் தலைவிக்கு மாட்டேன் என்று சொல்ல வெட்கம், தலையாட்டினாள்.

அடுத்து அக்கா செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மாரி அன்று வெளியே உட்கார வேண்டியவள், மாற்று ஆட்டக்காரி. அவளைக் கூப்பிட்டு, "ஏட்டி, நீ கரிசக்காட்டுல மழைக்குள்ள நடந்தவ. எப்படி நிக்கணும்னு சொல்லு. இன்னைக்கு நீதான் தலைவி," என்றார். மாரி தயங்கவே இல்லை. "குதிங்கால ஊணாதீக. விரல மடக்கி மண்ணக் கவ்வுங்க. தூக்கி வைக்காம இழுத்து வைங்க," என்றாள். ஏழு பேரும் வெறுங்காலோடு இறங்கினோம்.

முதல் பாதியில் சாப்பாட்டுக் கனத்தில் பின்தங்கினோம். பிறகு அவர்களுடைய ஷூவில் சேறு அப்பி, ஒவ்வொருத்தியும் ஒரு சுமையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒருத்தி ஒருத்தியாகப் பிடித்தோம். கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். அக்கா பாடிக்கொண்டு போனார். மூன்று பேர் பாய்ந்து அவர் இடுப்பையும் காலையும் பிடித்தார்கள். அக்கா விழுந்தார். விழுந்தவர் நிற்கவில்லை. அந்தச் சேற்றில் வயிற்றால் வழுக்கி, மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு வந்தார். "கபடி கபடி" மட்டும் அறுபடவில்லை. கையை நீட்டி, நடுக்கோட்டில் விரலை வைத்தார். விசில்!

மூன்று புள்ளி. ஜெயித்துவிட்டோம். அதற்கு முன்னால் நான் அவ்வளவு பெரிய சத்தம் போட்டதில்லை, அதற்குப் பிறகும் போட்டதில்லை. வாட்ச்மேனின் கோதுமை அன்று பாதி சாய்ந்துவிட்டது. ஆனாலும் அந்த மனிதர் தலைப்பாகையை அவிழ்த்து ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து, தமிழிலேயே, "ஐயா, நீங்க சரியாத்தான் சொன்னீக," என்றார். அடுத்த ஆட்டத்தில் தோற்றோம் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஊருக்கு வந்து இறங்கியதும் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. வழியில் சுண்ணாம்புப் பொடி வாங்கிக்கொண்டு நேராக மைதானத்துக்குப் போய்க் கோடு போட ஆரம்பித்தார். செயலாளர் வந்து, "என்னம்மா இது?" என்றார்.

"கிழக்குப் பாதி, அண்ணாச்சி. இந்தக் கயித்த அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க. கோணப்பிடாது."

அவர் பிடித்தார். அந்தக் கோடு இன்றுவரை அழியவில்லை. அக்காவுக்கு அடுத்து ஆடியவர்கள் ஒவ்வொரு வருடமும் அதைப் புதுப்பித்தார்கள். அதற்குப் பிறகு திடீரென்று எது தலையில் விழுந்தாலும், மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும், இடமாற்ற உத்தரவு வந்தாலும், எங்களுக்கு அது "ஓல விழுந்துட்டு" என்றாயிற்று.

அடக்கம் முடிந்த சாயங்காலம் நானும் மாரியும் மைதானத்துக்குப் போனோம். மேகம் கட்டித் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கிழக்குப் பாதியில் ஜெர்சியோடு பெண்பிள்ளைகள் தயங்கி நின்றார்கள். தலைவி எங்களிடம் வந்து, "துக்க நாளு, மழையும் வருது. இன்னைக்கு ஆடவா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

நானும் மாரியும் ஒரே நேரத்தில் சொன்னோம்: "ஹம் கேலேகா."

டெல்லியில் வேலை பார்க்கும் என் மகன் அந்த வாக்கியத்தைப் பலமுறை திருத்தியிருக்கிறான். நான் திருத்திக்கொள்ளவில்லை. ரத்தினபாய் அக்காவிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்தத் தப்பான இந்திதான், அது அப்படியே இருக்கட்டும். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிங்காலை ஊன்றாமல், களத்தில் இறங்கினார்கள்.