பேஷன் என்றால் என்ன?

கள்ளக்குறிச்சியில் மிக்ஸி பழுதுபார்க்கும் சர்வீஸ் சென்டரில் ஒரே ஒரு வேலை காலியாக இருந்தது. இன்டர்வியூவுக்கு வந்த என்னையும் சல்மா என்ற பெண்ணையும் ஒன்றாக உட்காரவைத்து மேனேஜர் கேட்டார்: “உங்க பேஷன் என்ன?”

“பேஷன்லாம் ஜாஸ்தி இல்லைங்க சார். சாதா சுடிதார்தான் போடுவேன்” என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

சல்மா என் பக்கம் திரும்பினாள். “துணி இல்லக்கா. இன்னா வேலை செஞ்சிக்கினு இருந்தா உனக்குப் பசியே தெரியாதோ, அதைக் கேக்கறாரு.”

“அதுவா? ஓடாத மிக்ஸியைப் பிரிச்சி ஓட வெக்கறதுதாங்க” என்றேன். எப்படி என்று மேனேஜர் கேட்டார். அதன்பின் நான் பேச்சை நிறுத்தவே இல்லை.

வேலை எனக்குத்தான் கிடைத்தது.

வெளியே வந்ததும், “ஏம்மா எனக்குச் சொல்லிக் குடுத்தே?” என்றேன்.

“உனக்குப் புரியலியேக்கா, அதான்” என்று சொல்லிவிட்டு சல்மா பஸ் ஏறினாள்.

அவள் தடுமாறியிருந்தால் நான் வாய் திறந்திருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.