போற வழிதானே!

போன ஞாயிற்றுக்கிழமை நான் பாலைவனத்துக்குப் போய் வந்தேன். மோட்டார் சைக்கிளில். தனியாக... தனியாகத்தான் என்று நினைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

ஐம்பத்திரண்டு வயதுப் பெண் கியர் பைக் ஓட்டினால் என்னவாம்? மகன் ஒஸ்ரேலியாவுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பைக் அது. கொட்டிலுக்குள் தூசி பிடித்துக் கிடந்தது. காலையில் வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கையில் ஓட்டி ஓட்டி நானாகவே பழகிவிட்டேன். நான் பழகி முடித்த பிறகுதான் என் கணவருக்கு அதை விற்கும் யோசனை வந்தது. தூசி பிடித்துக் கிடந்தபோது ஏன் வரவில்லை?

கொஞ்சக் காலமாக நான் ஃபோனில் ஒரே மாதிரியான வீடியோக்கள்தான் பார்க்கிறேன். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண். செம்பாறைப் பள்ளத்தாக்குக்கு நடுவே, பாலைவனத்தில், தன்னந்தனியே பைக்கில் போகிறாள். முன்னால் ரோடு, பின்னால் புழுதி. அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. எனக்குப் பிடித்தது பாறை இல்லை — யாரும் எதுவும் கேட்காததுதான்.

நாங்கள் பள்ளத்தாக்குக்கு எங்கே போவது? யாழ்ப்பாணத்தில் உயரமான இடம் என்றால் தண்ணீர்த் தாங்கிதான். ஆனால் எங்களுக்கும் ஒரு பாலைவனம் இருக்கிறது. வடமராட்சிக் கிழக்கில், கடலோரமாக, மணற்காடு. வீட்டுக்கூரையைவிட உயரமான மணல்மேடுகள். இரண்டு மேடுகளுக்கு நடுவே நின்றால் வானம் மட்டும்தான் தெரியுமாம். எனக்கு அது போதும்.

கணவரிடம் சொன்னேன். "உமக்கென்ன விசரே?" என்றார். பிறகு யோசித்தார். அவர் யோசிக்கத் தொடங்கினாலே எனக்குப் பயம்.

"சரி, தனியப் போய்த் தனிய வாரும். ஆனால் வழியிலை நிண்டுகொண்டு, பைக் விழுந்திட்டுது, வந்து கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு எனக்கு ஃபோனிலை கோல் எடுக்கக்கூடாது. எடுத்தீரெண்டால் அடுத்த நாளே விக்கிறன்."

"எடுக்காட்டில்?"

"எடுக்காட்டில் பைக் உம்மடை."

ஒப்பந்தம் முடிந்தது. நான் விட்ட பிழை ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமை பின்னேரம் மருதனார்மடத்தில் முழு டாங்க் பெற்றோல் அடித்தேன். எங்கள் ஊரில் யாராவது முழு டாங்க் அடிப்பார்களா? அது ஊருக்கே ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி. மரக்கறிப் பையோடு நின்ற பக்கத்துவீட்டுச் சரசக்கா பார்த்துவிட்டார்.

"தூரமோ?"

புறப்படுகிறவரிடம் "எங்கே?" என்று கேட்டால் சகுனப் பிழை. ஆகவே "தூரமோ?" என்று கேட்பார்கள். எங்கே என்று சொல்லும்வரை விடமாட்டார்கள் என்பது வேறு கதை.

"ஓம் அக்கா, மணற்காட்டுப் பக்கம்."

அவ்வளவுதான் சொன்னேன்.

ஞாயிறு காலை பைக்கை வெளியே எடுத்தால் கேற்றடியில் சரசக்கா. கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். "நெல்லியடியிலை மகள் வீடு. போற வழிதானே தங்கச்சி, ஒருக்கால் குடுத்துவிடும்." அவருக்குப் பின்னால் எதிர்வீட்டு ஐயா. குடத்தனையில் இருக்கும் சிநேகிதருக்கு மிளகாய்த்தூள். "பாரமில்லைப் பிள்ளை, சின்னக் கடதாசிச் சரைதான்." அவருக்கும் பின்னால், குருநகரிலிருந்து கிழமை நாட்களில் எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவரும் மேரியக்கா! காலைப் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி வந்திருக்கிறார். செய்தி குருநகர் வரை எப்படிப் போனது? சரசக்காவிடம் ஃபோன் இருக்கிறதே...

"மகள் மணற்காட்டிலையெல்லே கலியாணம் கட்டியிருக்கிறாள். வாற ஞாயிறு பேரனுக்கு ஞானஸ்நானம். பிள்ளையைக் கிடத்த ஒரு புற்பாய், மட்டக்களப்பிலையிருந்து எடுப்பிச்சனான். அண்டைக்கு நான் வரேக்கை கேக்கோடை இதையும் என்னாலை பஸ்ஸிலை காவேலாது. போற வழிதானே அம்மா."

முடியாது என்று சொல்லலாமே என்கிறீர்களா? நீங்கள் எந்த ஊர்?

அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் பைக்கில் கூடாரம் இருந்தது. என் பைக்கில் முருங்கைக்காய் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது. எதிரே வந்த ஓட்டோக்காரர் ரோட்டை விட்டே இறங்கி வழிவிட்டார். வல்லை வெளியில் காற்று பாயைப் பிடித்து இழுத்தது. ஒரு கையால் பாயையும் மறு கையால் ஹாண்டிலையும் பிடித்துக்கொண்டு, "இதுதானா என் பாலைவனப் பயணம்?" என்று ஹெல்மெட்டுக்குள் கத்தினேன். உண்மையாகவே கத்தினேன்.

நெல்லியடியில் சரசக்காவின் மகள் தேத்தண்ணி குடிக்காமல் விடவில்லை. குடத்தனையில் மிளகாய்த்தூளை வாங்கியவர் என் பின் சீற்றை எட்டிப் பார்த்தார்.

"தனியவோ?"

"ஓம்."

"ஒருத்தரும் வரேல்லையோ? நில்லுங்கோ பிள்ளை, நான் சேட்டைப் போட்டுக்கொண்டு துணைக்கு வாறன்."

அவர் உடுப்புக் கொடியில் சேட்டைத் தேடப் போன நேரத்தில் நான் பைக்கை ஸ்ரார்ட் செய்துவிட்டேன்.

சவுக்கங்காட்டைத் தாண்டினால் மணல். பாதையும் மணல், பக்கமும் மணல். இரண்டு பெரிய மேடுகளுக்கு நடுவே ஒரு ஒடுங்கிய இடைவெளி. அதற்குள் மெல்ல ஓட்டிப் போய் என்ஜினை நிறுத்தினேன். சொன்னது சரிதான்... வானம் மட்டும். காற்று மேட்டின் உச்சியிலிருந்து மணலை மெல்ல உதிர்த்துக்கொண்டிருந்தது. தூரமோ என்று கேட்க ஆள் இல்லை. தனியவோ என்று கேட்கவும் ஆள் இல்லை. எனக்கு அழுகை வந்தது. கவலையில் இல்லை, நிம்மதியில். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு நான் யாருக்கும் எதுவுமாக இல்லாமல் நின்றேன்.

ஃபோன் அடித்தது. பாலைவனத்தில் முழு சிக்னல்!

"எல்லாம் சரியோ?" கணவர்.

"எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டுக் கீழே பார்த்தேன். பைக்கின் பின்சில்லு மணலுக்குள் கொஞ்சம் புதைந்திருந்தது. ஸ்ரார்ட் செய்து முறுக்கினேன். இன்னும் புதைந்தது. கோபத்தில் நன்றாக முறுக்கினேன். பாதிச் சில்லைக் காணவில்லை. இறங்கித் தள்ளினேன், இழுத்தேன், கையால் மணலைத் தோண்டினேன். தோண்டிய குழிக்குள் மணல் திரும்பச் சரிந்தது. வெயில் உச்சியைப் பிளந்தது. ஃபோனைக் கையில் எடுத்தேன். ஒரு கோல்... அவ்வளவுதான். அவர் வருவார், கட்டாயம் வருவார். பைக் போய்விடும். அதோடு இந்த இடமும் போய்விடும்.

ஃபோனைப் பையில் போட்டேன். பின் சீற்றைப் பார்த்தேன்.

ஓம். ஞானஸ்நானப் பாய்.

மேரியக்கா என்னை மன்னிக்க வேண்டும். பாயைப் பிரித்து, மடித்து, பின்சில்லுக்கு முன்னால் செருகினேன். கண்ணை மூடிக்கொண்டு மெல்ல முறுக்கினேன். சில்லு பாயைக் கவ்வியது, பைக் ஒரு துள்ளுத் துள்ளி வெளியே வந்தது. நான் போட்ட சத்தம் கடலில் நின்ற வள்ளங்களுக்கும் கேட்டிருக்கும்.

மேரியக்காவின் மகள் ஜெனி, குழந்தையை இடுப்பில் வைத்தபடி பாயை விரித்துப் பார்த்தாள். சிவப்பும் பச்சையுமான கோடுகளுக்குக் குறுக்கே, கன்னங்கரேலென்று டயர் அடையாளம். நடந்ததை அப்படியே சொன்னேன். புதுப்பாய் ஒன்று எடுத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

"விடுங்கோ அன்ரி. ஆரும் கேட்டால், பிள்ளை வளந்து மோட்டச்சைக்கிள் ஓடப்போறான் எண்டு சொல்லுவம்."

நான் வெளிக்கிடும்போது என் பின் சீற்றில் மூன்று பை கருவாடு. ஒன்று மேரியக்காவுக்கு, ஒன்று எனக்கு, மற்றது எனக்குத் தெரியாத யாருக்கோ. போற வழிதானே!

எரிச்சலோடு ஓட்டிக்கொண்டு வந்தபோது ஒன்று விளங்கியது. எங்கள் ஊரில் உங்கள் வண்டி உங்களுடையதாக இருக்கலாம். வழி மட்டும் உங்களுடையதில்லை.

வீட்டு வாசலில் கணவர் நின்றார். ஜெனி மேரியக்காவுக்கும், மேரியக்கா சரசக்காவுக்கும், சரசக்கா மதிலுக்கு மேலால் இவருக்கும் சொல்லி முடித்திருந்தார்கள். பாய், டயர், மணல்... எல்லாம்.

"ஆனால் நான் உங்களுக்குக் கோல் எடுக்கேல்லை" என்றேன் உடனே.

"எடுக்கேல்லைத்தான்." தலையைச் சொறிந்தார். "பைக்கை விக்கமாட்டன். நீரே வைச்சிரும்."

தோற்றுப்போனதை இவ்வளவு இலகுவாக ஒத்துக்கொள்ளும் மனிதர் இல்லையே இவர்? திரும்பிப் பார்த்தேன். வாசற்படியில் ஒரு முழுப் பலாப்பழம் இருந்தது, கயிறு கட்டித் தயாராக.

"கரவெட்டியிலை என்ரை அக்காவுக்கு. பஸ்ஸிலை ஏத்த விடமாட்டாங்கள். அடுத்த ஞாயிறும் மணற்காட்டுக்குத்தானே போவீர்..."