மோதினாரைப் பற்றி நான் கட்டிய விடுகதை

என் பேரப்பிள்ளைகள் விடுகதை போடச் சொல்லிக் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். அது சுத்தப் பொய். ஒரு காலத்தில் பதுளைக் கடைத்தெருவில் நாளுக்கொன்று என்று நானே விடுகதை கட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமை எங்கே போய் முடிந்தது என்பதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. சொல்லாமல் வைத்திருந்து ஒரு பயனும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்த காலம் அது. அங்கிருந்து பதுளைக்குச் சாமான் மாட்டுவண்டியில்தான் வரும். வாப்பாவுக்குக் கடைத்தெருவில் அரிசி, கருவாடு, மிளகாய் விற்கிற கடை இருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது, வாய் கொஞ்சம் நீளம். எதிர்ச் சாரியில் ஒரு புதுக்கடை திறந்ததும் எங்கள் வாடிக்கை பாதி அந்தப் பக்கம் சாய்ந்தது. வாப்பா தொழுகைப் பாயில் உட்கார்ந்து கவலைப்பட்டார். நான் ஒரு சிலேட்டை வாங்கிக் கடை நிலையில் மாட்டி, தினமும் காலையில் அதில் ஒரு விடுகதை எழுதினேன். பொழுது சாய்ந்ததும் நடக்கிற மக்ரிபுத் தொழுகைக்கு முன்னால் விடை சொல்லலாம். முதலில் வாயால் சரியாகச் சொல்பவருக்கு ஒரு கட்டி கற்கண்டு. வாயால் சொன்னால்தான் விடை என்பது நான் வைத்த சட்டம். ஒருவர் காதில் ஒருவர் ஓதிக் கற்கண்டுக்குச் சண்டை போடாமல் இருக்கத்தான் அப்படி வைத்தேன்.

படிக்கத் தெரியாதவர்களுக்காக நானே வாசலில் நின்று உரக்க வாசிப்பேன். 'காலில்லாமல் ஏறுவான், கத்தியில்லாமல் வெட்டுவான், வயிறு நிறைந்தால் தானே விழுவான்' என்றேன் ஒருநாள். மழைக்காலத்தில் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு கேள்வியா? அட்டை என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். 'பறிக்கும்போது பச்சை, பெட்டியில் கறுப்பு, கோப்பையில் சிவப்பு' என்று தேயிலைக்குக் கட்டியது மடுல்சீமை வரைக்கும் போய்விட்டதாகக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வருகிற தோட்டத்துப் பெண்கள் விடுகதையை மடியில் கட்டிக்கொண்டு போய், மறுநாள் கொழுந்து நிரையில் நின்று ஒருத்தியை ஒருத்தி மடக்குவார்களாம். விடை தெரியாதவள் பக்கத்துக்காரியின் கூடைக்கு ஒரு பிடி கொழுந்து போட வேண்டும் என்று அவர்களாகவே ஒரு வழக்கமும் வைத்துக்கொண்டார்கள். கடையில் கூட்டம் நின்றது. எனக்குத் தலை கால் புரியவில்லை.

எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கிற மோதினார் தினமும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து கடைக்கு வருவார். ஐம்பது வயதிருக்கும். பாங்கு சொன்னால் அந்தக் குரல் ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்கும், ஒரு எழுத்து இடறாது. ஆனால் வாயைத் திறந்து பேச்சென்று தொடங்கினால் திக்குவார். சாதாரணத் திக்கு இல்லை. ஒரு சொல் வெளியே வருவதற்குள் கழுத்து நரம்பு புடைத்து, கண் மூடி, கேட்கிறவனுக்கே மூச்சு முட்டும். அதனால் அவருக்காக அவருடைய ஒரே மகள் பேசுவாள். உம்மா இல்லாத பிள்ளை. சின்ன வயதிலிருந்தே முக்காடு போட்டுக்கொண்டு கூட வந்து, 'வாப்பாவுக்கு அரைக்கொத்து அரிசி வேணுமாம்' என்று சொல்வாள். குமரியானதும் அவள் வெளியே வருவது நின்றது. அதன் பிறகு மோதினார் வேண்டியதை விரலால் காட்டி வாங்கிக்கொண்டு போவார்.

விடுகதைக்கு விடை கண்டுபிடிப்பதில் அந்த மனிதரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. சிலேட்டைப் பார்த்த உடனே கண் சிரித்துவிடும். தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிடும். அவர் வாயெடுத்து முதல் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே வேறு யாராவது யோசித்துக் கத்திவிடுவார்கள், கற்கண்டும் அவர்களுக்குப் போய்விடும். ஒரு தடவைகூட அவருக்குக் கிடைத்ததில்லை. எழுதிக் காட்டட்டும் என்று சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். தோன்றியது, ஆனால் கூட்டம் சிரிப்பது கடைக்கு நல்லதாக இருந்தது.

ஒருநாள் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தார். மகளுக்குக் காவின் எழுத, அதாவது கல்யாண ஒப்பந்தம் செய்ய, நாள் குறித்தாகிவிட்டதாம். மாப்பிள்ளை மொனராகலைப் பக்கம் யாவாரம் செய்கிறவர். நான் சாட்சியாக நிற்க வேண்டும் என்று கேட்டார்.

"இ... இன்னொண்டு, த... தம்பி," என்றார். "காவின் வா... வார்த்தைய நானே சொ... சொல்லப்போறன்."

எங்கள் வழக்கத்தில் பெண்ணைக் கொடுக்கிற வார்த்தையை அவளுடைய வாப்பாதான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். சபைக் கூச்சத்தால் பலர் அந்தப் பொறுப்பைக் கல்யாணத்தை நடத்திவைக்கிற லெப்பையிடம் கொடுத்துவிடுவார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. நான் அதைத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். மூன்று மாதமாக நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலின் பின்பக்கம் நின்று பழகுகிறாராம். மெல்லச் சொன்னால் திக்காமல் வருகிறதாம்.

"இவ்வளவு காலம் அ... அவ எனக்காகப் பேசினா. அவளுக்காக ஒரு த... தடவ நான் பேசோணும். மகள்கிட்டயும் சொ... சொல்லிட்டன்."

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது. நானும் பொறுமையாகக் கேட்டேன். அன்றைக்கு நான் நல்லவனாகத்தான் இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை நிறையத் தோட்டத்து ஆட்கள். மோதினார் வந்து, என் கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியைச் சிரித்துக்கொண்டே வாங்கி, சிலேட்டின் அடியில் அரபு எழுத்தில் தமிழை எழுதினார். அந்த எழுத்து எனக்குப் படிக்கத் தெரியும். உரக்க வாசித்தேன்: 'கொடுத்தால் குறையாது. ஏழை கொடுத்தாலும் பணக்காரன் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். அது என்ன?'

நான் கடைக்காரன் புத்தியில் கடன் என்றேன், வட்டி என்றேன், கொஞ்ச நேரம் கழித்து விதைநெல் என்றேன். எல்லாவற்றுக்கும் மோதினார் இல்லையென்று தலையாட்டினார். கூட்டம் ரசிக்கத் தொடங்கியது. எனக்குக் காது சூடேறியது. கடைசியில் கருவாடு வாங்க நின்றிருந்த தெமோதரைத் தோட்டத்துக்காரி ஒருத்தி, கூடையைத் தலையிலிருந்து இறக்காமலேயே கேட்டாள்.

"கும்புடுதானுங்களே மொதலாளி? ஏழ கும்புட்டாலும் பெரிய மனுசன் திருப்பிக் கும்புடணும்ல?"

மோதினார் கைகொட்டிச் சிரித்தார். அவர் நினைத்திருந்தது ஸலாம். அவள் சொன்னதும் அதேதான். ஐந்து வேளையும் ஸலாம் கொடுத்து வாங்குகிற எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று கடை முழுக்கச் சிரித்தது. "ஒங்க சட்டப்படி கக்கண்டு எனக்குத்தானுங்க," என்று அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன். வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு என்று பக்கத்துத் தையல்காரர் வேறு எடுத்துக்கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு விளையாட்டில் தோற்றேன். சிரித்துவிட்டுப் போயிருக்க வேண்டியது. எனக்கு இரவு சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் சிலேட்டைத் துடைத்து எழுதினேன்: 'ஊரையே கூப்பிடுவான். ஒருத்தனைக் கூப்பிட வராது. யார் அவன்?'

நான் கட்டியவற்றிலேயே சின்னதும் கச்சிதமானதும் அதுதான். எழுதி முடித்துப் பின்னால் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. அந்த மகிழ்ச்சியை நினைத்தால்தான் இன்றைக்கும் அதிகமாக அருவருக்கிறது.

அஸருக்குப் பிறகு வழக்கம்போல் வந்தார். வாசித்தார். அன்றைக்கு அவர் கண் சிரிக்கவில்லை. வாயெடுக்கவும் இல்லை. யாராவது வேறு ஏதாவது சொல்வார்களா என்று பார்ப்பதுபோல நின்றார். தையல்காரர் ஒருமுறை அவரைப் பார்த்து, ஒருமுறை சிலேட்டைப் பார்த்து, "மோதினார்!" என்று கத்தினார். கூட்டம் கூரை அதிரச் சிரித்தது. பொட்டலத்தைப் பிரித்து நான் கற்கண்டை எடுத்துத் தையல்காரர் கையில் வைத்தேன். இல்லை, அதுவல்ல விடை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், வேறு எதையாவது விடையாக்கியிருக்கலாம். நான் கற்கண்டைக் கொடுத்தேன். மோதினார் விரலால் உப்பைக் காட்டினார். கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

மாலையில் சிலேட்டைத் துடைத்துவிட்டேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அடுத்த நாள் பாங்கு முடிந்ததும் தெருவில் பொடியன்கள் 'ஊரையே கூப்பிடுவான்' என்று ஒருவன் எடுக்க, மற்றவன் முடித்தான். அதற்கடுத்த ஞாயிறு அது தோட்டங்களுக்கு ஏறியது. வண்டிக்காரர்கள் பண்டாரவளைக்கும் மொனராகலைக்கும் கொண்டுபோனார்கள். என் பெயர் வளர்ந்தது. வாப்பா மட்டும் ஒருநாள் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "மோதினார்ட முகத்த எப்பிடி மகன் பார்க்கிற?" என்று கேட்டார். விளையாட்டுக்குத்தானே என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். தினமும் கூட்டமாக இருந்தது என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

சாட்சிக்கு வேறு ஆளைப் பிடித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. காவினுக்கு முதல் நாள் ஆள் அனுப்பி நினைவூட்டினார்.

அவருடைய வீட்டு முன்னறையில் பாய் விரித்திருந்தது. பாதி மறைப்பாகக் கட்டிய சேலைத் திரைக்குப் பின்னால் பெண்கள், அவர்கள் நடுவில் மணப்பெண். மோதினார் புதுச் சாரமும் வெள்ளைத் தொப்பியுமாக மாப்பிள்ளைக்கு எதிரில் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்தார். நான் அவருக்கு வலப்பக்கம் இருந்தேன். மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தொடங்கினார்.

"என்ட மகளை..."

திக்கவே இல்லை. தண்ணீர் போல வந்தது. அடுத்த சொல்லுக்கு அவர் மூச்சை எடுத்த அந்த இடைவெளியில், பின்வரிசையில் மாப்பிள்ளையோடு வந்த இளைஞர்களில் ஒருவன் தாழ்ந்த குரலில், "ஊரையே கூப்பிடுவான்," என்றான். பக்கத்திலிருந்தவன் களுக்கென்று சிரித்தான். மொனராகலையிலிருந்து வந்தவர்கள் அவர்கள். என்னையும் தெரியாது, மோதினாரையும் அன்றுதான் பார்க்கிறார்கள். விடுகதையை மட்டும் தெரிந்துவைத்திருந்தார்கள்.

அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடியும் 'என்ட' என்று தொடங்கப் பார்த்தார். முதல் எழுத்தே வரவில்லை. மூன்று தடவை முயன்றார். லெப்பை குனிந்து ஏதோ கேட்டார். மோதினார் கண்ணைத் திறக்காமலே தலையசைத்து, மாப்பிள்ளையின் கையை எடுத்து லெப்பையின் கையில் வைத்தார். லெப்பை கணீரென்று வார்த்தையைச் சொல்லி முடித்தார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார். காவின் நிறைவேறியது. மார்க்கத்தில் அதில் ஒரு குறையும் இல்லை.

மாப்பிள்ளை கொடுக்கிற மணக்கொடையான மஹரைப் பெண்ணிடம் சேர்ப்பிப்பது என் வேலை. கைக்குட்டையில் முடிந்திருந்ததைத் திரைக்கு அடியால் நீட்டினேன். மருதாணிக் கை ஒன்று வாங்கிக்கொண்டது. பிறகு திரைக்குப் பின்னாலிருந்து அவளுடைய குரல் என்னை அண்ணன் முறை சொல்லி அழைத்து ரகசியமாகக் கேட்டது.

"நானா, லெப்பை சொன்னது கேட்டிச்சி. வாப்பா எப்ப சொல்லுவாங்க?"

பெண்கள் யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை, சொல்ல யாருக்கும் மனம் வந்திருக்காது.

"வாப்பா முதல்ல சொல்லிட்டாங்க, தங்கச்சி," என்றேன். "அதுக்குப் பொறகுதான் லெப்பை சொன்னார். வாப்பா மெல்லச் சொன்னதால ஒங்களுக்குக் கேக்கல்ல."

"திக்கினாங்களா?"

"இல்ல," என்றேன்.

திரைக்குப் பின்னால் அவள் சந்தோஷமாக அழுவது கேட்டது. நான் திரும்பினேன். மோதினார் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். சாட்சிக்கு வந்தவன் சொன்னது பொய் என்பதையும், அந்தச் சாட்சிதான் விடுகதையைக் கட்டியவன் என்பதையும் தெரிந்துதான் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் நிறைந்திருந்தன. எனக்காக அல்லாவிடம் வேண்டி ஒரு துஆச் செய்ய வாயெடுத்தார்.

"அ... அல்... அல்லா..." என்று தொடங்கினார். கழுத்து புடைத்தது, கண் மூடியது. அவர் எனக்காக என்ன கேட்கப்போகிறார் என்பதைத் தாங்க என்னால் முடியவில்லை. கைகளை உருவிக்கொண்டு, அவர் முடிப்பதற்குள் வெளியே போய்விட்டேன்.