இலுப்பையடிக்கு நான்கு எல்லை

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். யாழ்ப்பாணத்தில் நில அளவையாளராக இருந்தவன். அளந்து கல் நட்டால்தான் எனக்கு எதுவும் உண்மை. நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், ஆனால் எண்பதுகளின் கடைசியில் லண்டனில் ஒரு பட்டப்பகலில் நடந்ததை எனக்கு வேறு மாதிரிச் சொல்ல ஏலாது.

அப்போது தோர்ண்டன் ஹீத்தில் அறை, வேலை ஒரு பழைய புத்தகக் கடையின் நிலவறையில். ஏலத்தில் வந்த புத்தகங்களில் தாள் ஏதும் குறைகிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கிழமை எனக்கு நித்திரையும் இல்லை, சாப்பாடும் இல்லை. தம்பி ரவி அமெரிக்காவில் தொலைந்துபோயிருந்தான்.

அவனைக் கனடாவுக்கு அனுப்பத்தான் இலுப்பையடியை விற்றோம். எங்கள் ஊரில் ஒவ்வொரு காணித்துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. காணி கைமாறும்போது எழுதுகிற பத்திரத்தை உறுதி என்போம், அதில் அந்தப் பெயரையும் நான்கு பக்க எல்லையையும் எழுதுவார்கள். இலுப்பையடி எங்கள் அப்பா கந்தையாவின் உயிர். அவர் செத்து வருசம் திரும்பமுதல் விற்றுவிட்டோம். காசு வாங்கி ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ரவியை அயோவா மாநிலத்தில் எங்கோ லொறியால் இறக்கிவிட்டுப் போய்விட்டான். இது நடக்க நான்கு நாளைக்கு முன் தெருவோரப் போனில் இருந்து கோல் எடுத்தான்.

"அண்ணை, இது அயோவாவாம். ஆத்துப் பக்கம் ஒரு கொட்டிலுக்கை ஒளிச்சிருக்கிறன். சுத்திவரச் சோளக்காடு. கள்ளப் பாஸ்போர்ட், ஒருத்தரையும் கேக்கப் பயமாக் கிடக்கு. இந்த இடம்..."

காசு முடிந்து லைன் அறுந்தது. பிறகு ஒன்றுமில்லை. அங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது என்றான் சிகாகோவில் இருந்த என் மச்சான் சிவம். கவுண்டி என்பது நம்முடைய மாவட்டம் மாதிரி, அயோவாவில் அது நூறளவில் இருக்கிறது, எதிலே போய்த் தேடுகிறது என்று கேட்டான்.

அன்று மத்தியானம் என் கைக்கு வந்தது, நம்புங்கள் நம்பாமல் விடுங்கள், அயோவாவில் ஒரு கவுண்டியின் வரலாறும் புவியியலும் சொல்லும் தடித்த புத்தகம். யார் முதலில் குடியேறினார்கள், எப்போது வெட்டுக்கிளி வந்து விளைச்சலைத் தின்றது, எந்த மண்ணில் என்ன விளையும் என்று எல்லாம் இருந்தது. நடுவில் மடித்து வைத்த நிலப்படங்கள். ஒவ்வொரு மைலுக்கும் சதுரம் கட்டி, சதுரத்துக்குள் சொந்தக்காரரின் பெயரை அச்சடித்திருந்தார்கள். தொழில் புத்தி விடுமா, எல்லைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். ஆற்றோரத்தில் ஒரு சதுரத்தில் மட்டும் அச்சுப் பெயர் இல்லை. பென்சிலால், தமிழில், இலுப்பையடி என்று எழுதியிருந்தது.

அதன் கீழே உறுதியில் எழுதுகிற மாதிரியே, வடக்கு எல்லை ஆறு, மேற்கு எல்லை கல்வீதி, தெற்கு எல்லை கிணறு, கிழக்கு எல்லை கந்தையா காணி. இடப்பக்கம் சாய்ந்த அந்தக் கையெழுத்து அப்பாவினுடையது, எனக்குத் தெரியாதா? சம்பளக் கவரின் பின்பக்கத்தில் ஒரு சொல் விடாமல் பிரதி எடுத்தேன், கவுண்டியின் பெயரையும் சதுரத்தின் இலக்கத்தையும் சேர்த்து.

உடனே சிவத்துக்குக் கோல் எடுத்தேன். அவனுக்கு ஒரு நாள்தான் லீவு, பிழையான இடத்துக்குப் போனால் இரண்டாவது தரம் போகமாட்டான், அதற்குள் தம்பி விறைத்துச் செத்திருப்பான்.

"ரவி திரும்ப எடுத்தவனோ?" என்று கேட்டான்.

"ஓம், எடுத்தவன். இடம் சொன்னவன்."

வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அது. கவுண்டியையும் சதுர இலக்கத்தையும் மட்டும் சொன்னேன், எல்லைகளைச் சொல்லவில்லை. அடுத்த நாள் பின்னேரம்வரை போனடியில் குந்தியிருந்தேன்.

"கிணத்தடிக் கொட்டிலுக்கை கிடந்தவன். கால்விரல் ரெண்டு கறுத்துப்போச்சு. ஆள் உயிரோட இருக்கிறான்" என்றான் சிவம். படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன்.

மறுநாள் அந்தப் படத்தை விரித்தேன். சதுரம் வெறுமையாக இருந்தது. அழித்த தடம்கூட இல்லை, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கவரில் இருப்பது என் கையெழுத்துத்தானே, பதற்றத்தில் நீங்களே எழுதியிருப்பீர்கள் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். இருக்கட்டும். ஆனால் ரவி கிடைத்த அன்று போனை வைக்கமுதல் நான் சிவத்திடம் நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தேன். வடக்கே ஆறு, மேற்கே கல் போட்ட ரோட்டு, தெற்கே கிணறு, எல்லாம் சரி. கந்தையா காணி என்று எழுதியிருந்த கிழக்கு எல்லைதான் மிச்சம்.

"கிழக்கை பழைய சவக்காலை, மச்சான். குடியேறின சனத்தைத் தாட்ட இடம். சிலுவையள் நிக்குது."

அப்பாவை நாங்கள் ஊர்ச் சுடலையில் எரித்தோம். கொள்ளி வைத்தவன் நான். இலுப்பையடியை விற்ற பிறகு அவர் எங்கே போய் இருப்பார் என்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை.