நசீமாவுக்கு ரிஜெக்ட் முத்திரை

போன வாரம் பக்கத்து வீட்டு பஷீர் பாய், பெற்ற மகளையே ரிஜெக்ட் செய்துவிட்டார்.

பயப்படாதீர்கள். மனிதர் ஓசூர் சிப்காட்டில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அளவு இம்மி தப்பினாலும் சிவப்புப் பெயின்ட் அடித்து ஓரங்கட்டுவதுதான் வேலை. ஃபேக்டரி மெடிக்கல் கேம்பில் தொழிலாளிகளுக்கு ஒரு சார்ட் கொடுத்தார்களாம். எடையை உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் பி.எம்.ஐ. பதினெட்டரைக்குக் கீழே போனால் ஒல்லி. பாய் சும்மா இருப்பாரா? பதினொரு வயது நசீமாவைச் சுவரோரம் நிறுத்தி அளந்தார். பதினாறுதான் வந்தது.

அவ்வளவுதான்... காலையில் முட்டை, மத்தியானம் நெய் மிதக்கும் ராகிக் களி, ராத்திரி வாழைப்பழம். அதோடு விட்டாரா? ஓடினால் எடை கரையும் என்று கோ-கோ பயிற்சியையும் நிறுத்திவிட்டார். சனிக்கிழமை பள்ளி டீம் செலக்‌ஷன். வருஷம் முழுக்க அந்தப் பெண் காத்திருந்தது அதற்குத்தான்.

"நீங்களாச்சும் அத்தாகிட்ட சொல்லுங்க மாமா" என்று வந்து அழுதாள். எனக்கு மனசே கேட்கவில்லை.

நான் சொன்னால் பாய் கால்குலேட்டரை நீட்டுவார். அதனால், "எதுக்கும் வெளியில ஒரு கிராஸ் செக் பண்ணிக்கலாமே பாய்" என்றேன். அந்த வார்த்தைக்கு மட்டும் மசிவார். மூவருமாகக் குழந்தைகள் டாக்டரம்மாவிடம் போனோம்.

அவர் சார்ட்டைப் பார்த்தார். "இது பெரியவங்களுக்குப் போட்டது பாய். புள்ளைங்களுக்கு வயசு என்ன, பொண்ணா பையனான்னு சேத்துப் பாக்கணும். அந்த அளவும் வருசா வருசம் மாறும். இவ வயசுப் பொண்ணுக்கு இது சரியாத்தான் இருக்குது."

"அளவுன்னா ஒண்ணுதானே டாக்டர் இருக்கணும்?" — பாய் விடவில்லை.

"லைன்ல பாதி வேலையில இருக்கிற பீஸை எடுத்து ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுவீங்களா?"

"டிரெய்னிகூட அப்படிப் பண்ண மாட்டான்" என்று பாய் முணுமுணுத்தார்.

அவரை மட்டும் சொல்வானேன்? மார்க்கோ, உயரமோ, எடையோ — வளர்கிற பிள்ளைக்கு இன்றைக்கே தீர்ப்பு எழுத நம் எல்லோருக்கும்தான் கை பரபரக்கிறது.

சனிக்கிழமை பாயே மகளை மைதானத்துக்கு அழைத்து வந்தார். பி.டி. டீச்சர் முகம் கொடுக்கவில்லை. "வாரம் பூரா பயிற்சிக்கு வரல. இவளை எப்படி சேத்துக்கிறது?"

நசீமா தலையைக் குனிந்துகொண்டாள். பாய் ஒரு அடி முன்னால் வந்தார்.

"பீஸ்ல குறை இல்ல டீச்சர்... இன்ஸ்பெக்டர்தான் தப்பு."