ஐந்தரைக் குழல்

துப்பாக்கியில்தான் பிழை என்று வாப்பா முடிவெடுத்தபோது எனக்குப் பத்து வயது.

வாப்பாவுக்குக் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு தையல் கடையும் மாவடிப்பள்ளியில் இரண்டு ஏக்கர் வயலும் இருந்தன. கதிர் பால்பிடிக்கும் நாட்களில் கிளிகள் கூட்டமாக வந்து இறங்கும். அவற்றை விரட்டுவதற்கென்று ஒரு எயார் ரைபிள் வைத்திருந்தார். குழலை மடக்கி, பயறளவு ஈயக் குண்டு ஒன்றை உள்ளே வைத்து, நிமிர்த்திச் சுடுவது. யுத்தம் முடிந்து சில வருடங்களே ஆகியிருந்ததால் துப்பாக்கியைக் குறிக்கும் ‘துவக்கு’ என்ற சொல்லையே உம்மா வீட்டுக்குள் அனுமதிப்பதில்லை. ‘அந்தச் சாமான்’ என்பார். விருந்தாளிகள் வந்தால் அந்தச் சாமான் துணிக்குள் சுருட்டப்பட்டு அலுமாரிக்கு மேலே போய்விடும்.

வாப்பா ஒரு குண்டையும் வீணாக்க மாட்டார் என்று வயல்காரர்கள் சொல்வார்கள். அந்தப் போகத்தில் மட்டும் எல்லாக் குண்டும் வீணாகின. கிளிகள் எழும்பாமல் தின்றன. வரம்பில் நின்ற ஒருவர், “என்ன டெய்லர், கிளிக்கு அளவெடுக்கிறீங்களா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாப்பா சிரிக்கவில்லை.

அன்று மாலையே மாமாவைக் கூப்பிட்டனுப்பினார். மாமா உம்மாவின் தம்பி. தண்ணீர் பம்புகள் திருத்தும் பட்டறை வைத்திருந்தார்.

“நாலரைக் குண்டு மிச்சம் சின்னன் மச்சான். கச்சான் காத்து தள்ளிட்டுப் போகுது. இத அஞ்சரையா மாத்தித் தா” என்றார் வாப்பா. குண்டின் பருமன் நாலரை மில்லிமீட்டர். அதைவிட ஒரு மில்லிமீட்டர் பெரியதாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு.

மாமா குழலை மடக்கி உள்ளே பார்த்தார்; வாப்பாவையும் பார்த்தார். பிறகு, “ஓம், மாத்துவம்” என்று சொல்லித் துப்பாக்கியைக் கொண்டுபோனார்.

இரண்டு நாள் கழித்து, குர்ஆன் ஓதிவிட்டு வரும் வழியில் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். பின்புற முருங்கைமரத்தில் ஒரு பால்மா டின் மூடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மாமா பழைய குழலாலேயே அதைச் சுட்டுக்கொண்டிருந்தார். ஐந்து தடவை சுட்டார். ஐந்து தடவையும் மூடி ‘டங்’ என்றது.

“மாமா, துவக்கு நல்லாத்தானே இரிக்கி!” என்றேன்.

மாமா திடுக்கிட்டுத் திரும்பினார். “வாப்பாக்கிட்ட இதச் செல்லிராத புள்ள. அவருக்கு அஞ்சரைதான் வேணுமெண்டா அஞ்சரைதான்.”

கழற்றிப் பூட்டும் ஆசையில்தான் அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பெரியவர்களுக்கும் விளையாட்டுச் சாமான் தேவைதானே.

வரிப்பத்தான்சேனையில் மாமாவின் கூட்டாளி ஒருவரிடம் பிடிக்கட்டை உடைந்த ஐந்தரைத் துப்பாக்கி ஒன்று கிடந்தது. அதன் குழலை வாங்கிவந்து பட்டறையில் அரத்தால் ராவிப் பொருத்தமாக்கினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, உம்மா பாண்டிருப்பில் தன் தோழியின் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்குப் போன நேரமாகப் பார்த்து, வீட்டிலிருந்த வாப்பாவின் துணி வெட்டும் மேசையில் வேலை தொடங்கியது.

கழற்றுவது இலேசாக முடிந்தது. உள்ளே தேய்ந்துபோயிருந்த தோல் வாசரையும் மாற்றினார்கள். புதுக்குழல் பூட்டியாயிற்று. கடைசியாக அந்த ஸ்பிரிங். என் முழங்கை நீளம் இருந்தது. அதை முழுப் பலத்தோடு உள்ளே அமுக்கி, அமுக்கிய பிடியிலேயே ஒரு சிறு ஆணியைக் குறுக்கே செருகிவிட வேண்டும்.

“நான் அமத்துறன் மச்சான், நீங்க ஆணியப் போடுங்க. புள்ள, நீ அங்கால போ” என்றார் மாமா.

நான் போகவில்லை. அங்கேதான் எல்லாம் நன்றாகப் பார்க்கலாம் என்று துப்பாக்கியின் பின்பக்கத்துக்கு நேர் எதிரே போய் நின்றுகொண்டேன்.

மாமா மேசையில் சாய்ந்து, பக்கவாட்டிலிருந்து இரண்டு கைகளாலும் அமுக்கினார். கழுத்து நரம்புகள் புடைத்தன. வாப்பா ஆணியைத் துளைக்குக் கொண்டுபோனார். அது துளைக்கு மேலே தட்டியது. பிறகு கீழே தட்டியது. இரும்பில் ‘டிக், டிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“கெதியாப் போடுங்க மச்சான்.”

“பொறு.”

டிக், டிக், டிக். மாமாவின் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டியது. வாப்பா இடதுகையால் வலதுகை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முயன்றார்.

“மச்சான், என்னால ஏலா... புள்ள, விலகு!”

நான் குந்திவிட்டேன். தலைக்கு மேலால் ஏதோ சீறிக்கொண்டு போனது. சுவர் வெடித்தது போல இருந்தது. எழுந்து பார்த்தபோது என் நெற்றி உயரத்தில் சீமெந்து பெயர்ந்து ஒரு குழி.

வாப்பா என்னை இழுத்து அணைத்துத் தலையைத் தடவிப் பார்த்தார். அவர் கை என் தலையில் படபடவென்று அடித்தது. நானே பயந்துபோயிருந்ததால், பயத்தில் எல்லாருக்கும் கை நடுங்கும் என்று நினைத்தேன்.

“இண்டைக்கு வேணா மச்சான். நாளைக்குப் பாப்பம்” என்றார் மாமா.

“இல்ல. இண்டைக்கே முடி.” வாப்பா என்னை மேசைக்குப் பக்கவாட்டில், துப்பாக்கியின் வாயும் பின்பக்கமும் பாராத இடத்தில் நிறுத்தினார். ஆணியை என் உள்ளங்கையில் வைத்தார். “மகள், நீ போடு.”

மாமா மறுபடியும் அமுக்கினார். ஆணி ஒரே தடவையில் உள்ளே போனது. எனக்கு அதிசயமாக இல்லை. அந்த வருடம் வாப்பாவுக்கு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பதும் நான்தான்.

உம்மா வருவதற்குள் சுவர்க் குழியின் மேல் ஒரு கலண்டரைத் தொங்கவிட்டோம்.

மறுநாள் காலை மூவரும் வயலுக்குப் போனோம். வரம்பு முனையில் கம்பு நட்டு ஒரு டின் கவிழ்த்தார்கள். வாப்பா ஐந்தரைக் குண்டை வைத்து, நீண்ட நேரம் குறிபார்த்துச் சுட்டார். டின் அசையவில்லை. இரண்டாவது குண்டும் மூன்றாவது குண்டும் நெல்லுக்குள் போயின. கிளிகள் தம்பாட்டில் தின்றுகொண்டிருந்தன.

வாப்பா துப்பாக்கியை மாமாவிடம் நீட்டினார். “நீ சுடு.”

மாமா தயங்கினார். “நான் என்னத்துக்கு மச்சான்...”

“சுடு, பாப்பம்.”

மாமா குறிபார்த்தார். நான் டின்னையே பார்த்தபடி ‘டங்’ சத்தத்துக்காகக் காத்திருந்தேன். குண்டு டின்னுக்கு ஒரு முழம் தள்ளிப் போய்ச் சேற்றில் விழுந்தது. அடுத்தது அதைவிடத் தள்ளிப் போனது. மூன்றாவது எங்கே போனதென்றே தெரியவில்லை.

“இந்தக் குழலும் சரியில்ல மச்சான்” என்றார் மாமா, வாப்பாவின் முகத்தைப் பார்க்காமல்.

வாப்பா துப்பாக்கியை வாங்கி வரம்பில் வைத்தார். “நீ நல்லாத்தான் தவற விடுறாய்” என்று சொல்லி, மாமாவின் தோளில் கைபோட்டார். மாமா கண்ணைத் துடைத்தார். கண்ணில் தூசு விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் கொழும்பில் ஒரு டொக்டர் வாப்பாவின் கைநடுக்கத்துக்கு ஒரு பெயர் சொன்னார். அதற்கடுத்த வருடம் கடையில் வேறொருவர் இருந்து தைத்தார். ஆனால் அந்தச் சனிக்கிழமை எனக்கு இது ஒன்றும் தெரியாது. நல்லதொரு துப்பாக்கியை மாமா கெடுத்துவிட்டார் என்ற கோபம் மட்டும்தான் இருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது அவரோடு கதைக்கவில்லை. திங்கட்கிழமை வகுப்பில், எங்கள் மாமாவுக்கு வேலையும் தெரியாது, சுடவும் தெரியாது என்று ஒருவர் மிச்சமில்லாமல் எல்லாரிடமும் சொன்னேன்.