டிரம்பெட்டுக்குள் ஓர் ஈ

இதைச் சொன்னால் எங்கள் ஆஸ்திரேலிய ஈயச் சுரங்க ஊரான ப்ரோக்கன் ஹில்லில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு நான் ஒரு சொட்டு பீர்கூடக் குடிக்கவில்லை. ராத்திரியும் இல்லை, பட்டப்பகல். 2009 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை, மதியம் 1:50 முதல் 4:05 வரை. என் பட்டறைச் சுவர்க் கடிகாரம் பேட்டரியில் ஓடுவது. கரண்ட் போனாலும் அது நிற்காது. அதனால்தான் நேரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

என் பெயர் லென் ஹாஸ்கிங். வுல்ஃப்ரம் தெருவில், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பித்தளை வாத்தியங்களைப் பழுது பார்க்கிறேன். முப்பத்தொரு வருஷமாக இதுதான் பிழைப்பு. எந்த வாத்தியம், யார் செய்தது, எந்த வருஷம் என்று கேட்டால் சொல்வேன். சொல்ல முடியாமல் நான் தலையைப் பிய்த்துக்கொண்டது அந்த ஒரு டிரம்பெட்டுக்குத்தான்.

எங்கள் ஊர் பேண்ட் வாத்தியக் குழுவின் கூடத்துப் பரணில் கிடந்தது அது. கூடத்தில் புதிதாகக் கண்ணாடி அலமாரி வைக்கப்போகிறார்கள், சனிக்கிழமை திறப்பு. டிரம்பெட்டை உள்ளே வைத்து, வாசித்தவர் பெயரை எழுத வேண்டும். யார் பெயரை? அங்கேதான் சண்டை.

மெர்ல் கிட்டோ, எழுபத்து நாலு வயது. அது தன் அப்பா ஜோரியுடையது என்றாள். ஜோரி 1938-இல் சுரங்கம் இடிந்து உள்ளேயே போனவர். உடல்கூடக் கிடைக்கவில்லை. மெர்லுக்கு அப்போது மூன்று வயது. அப்பாவின் பொருள் என்று அவளிடம் ஒரு பொத்தான்கூடக் கிடையாது.

பேண்ட் செயலாளர் நோயல் பாஸ்கோ, அது தன் மாமா 1949-இல் மெல்போர்னில் வாங்கியது என்றான். அவனே செயலாளர், அவனே வழக்காளி. நல்ல நியாயம்.

ஆக, டிரம்பெட்டின் வயசு தெரிந்தால் போதும். 1938-க்குப் பிறகு செய்தது என்றால் மெர்லின் கதை முடிந்தது. செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள் நான் கடிதம் எழுதித் தர வேண்டும்.

சுலபம் என்று நினைத்தேன். என் கஷ்ட காலம்!

அகன்ற வாயில் செதுக்கியிருந்த எழுத்துகளை, ஊர்வலத்துக்கு ஊர்வலம் பாலிஷ் போட்டே அழித்திருந்தார்கள் புண்ணியவான்கள். மிச்சம் இருந்தது 'மெல்போர்ன்' மட்டும். அது செய்தவர் ஊர் இல்லை, விற்ற கடையின் ஊர். அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் எவனோ செய்த வாத்தியத்தில் தங்கள் பெயரைப் பொறித்து விற்பார்கள். தேய்ந்த எழுத்தின் மேல் வாயால் ஊதினால், மூச்சின் ஈரம் படிந்து ஒரு நொடி தெரியும். ஆனால் அந்த வறண்ட காற்றில் ஈரம் எங்கே நிற்கிறது? ஊதி ஊதித் தலைசுற்றியதுதான் மிச்சம்.

விரலால் அழுத்தும் மூன்று வால்வுகளில் நடு வால்வின் மேல் ஒரு எண் மட்டும் தெளிவாக இருந்தது. 41744. மூன்று நான்குகளுக்கும் தலை திறந்து, கால் கொஞ்சம் கோணியிருந்தது. வளைவுகளைப் பார்த்தால் அமெரிக்க வேலை மாதிரி தெரிந்தது. எந்த எண் எந்த வருஷம் என்று சொல்லும் அமெரிக்கக் கம்பெனிப் பட்டியலைப் புரட்டினேன்.

1948.

மனசு கேட்கவில்லை. ஆனால் பட்டியல் பட்டியல்தான்.

1:50. மெர்ல் வந்தாள், கையில் சுடச்சுட, மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி.

"முகத்தப் பாத்தாலே தெரியுது. அந்த நோயல் பயலோடதுதானே?"

"நம்பர் அப்படித்தான் சொல்லுது மெர்ல். நாப்பத்தெட்டு."

"நம்பர் கெடக்குது. அப்பா போன கோவத்துல எங்கம்மா இத பேண்ட் கூடத்து வாசல்ல தூக்கி எறிஞ்சத தெருவே பாத்துச்சு கண்ணு."

"அந்தத் தெருவுல இப்ப யாரு உசுரோட இருக்காங்க?"

அவள் டிரம்பெட்டின் பெட்டியைத் திறந்து, வாய் வைத்து ஊதும் மவுத்பீஸுக்கான குழியை விரலால் தடவினாள். காலியாகத்தான் இருந்தது.

"இது மட்டும் எங்கே போச்சாம்?"

"தொலைஞ்சிருக்கும். அந்தக் காலத்து ஆளுங்க அத சட்டைப் பையிலேயே போட்டுக்கிட்டு அலைவாங்க, வேலைக்குக்கூட."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். 2:20-க்குப் போய்விட்டாள். பேஸ்டியை நான் தொடவில்லை. எனக்கு என் மேலேயே எரிச்சல்.

2:35. கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு தடவை வாசித்துப் பார்க்கலாம் என்று, என் மவுத்பீஸைச் செருகி ஊதினேன். காற்றுப் போகவில்லை. சுவரில் ஊதுவது போல இருந்தது.

திறந்து பார்த்தால் ஒன்றாம் வால்வு மூன்றின் இடத்தில், மூன்று ஒன்றின் இடத்தில். இது பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்கிற தப்பு. இடம் மாறினால் துளைகள் ஒன்றோடொன்று சேராது, உள்ளே வழியெல்லாம் அடைபடும். நானா இப்படிப் போட்டேன்? திட்டிக்கொண்டே சரியாக மாட்டினேன். ஊதினேன். மூன்று சுரம் வந்தது. மவுத்பீஸைக் கழற்றி என் பையில் போட்டேன்.

2:50. கொட்டகை மூலைக் குழாயில் கை கழுவிவிட்டு வந்து இன்னொரு முறை ஊதினேன்.

காற்றுப் போகவில்லை.

ஒன்றும் மூன்றும் மறுபடி இடம் மாறியிருந்தன.

கொட்டகையில் நான் மட்டும்தான். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். வயசாகிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டு, மவுத்பீஸை மறுபடி பையில் போட்டுவிட்டு, இந்த முறை எண்ணை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி மாட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

3:12. மேற்கே வானம் சிவந்தது. புழுதி. எங்கள் ஊருக்குப் புழுதி புதிதல்ல, ஆனால் அன்றைக்கு வந்தது வேறு. ஐந்து நிமிஷத்தில் சிவப்பு போய், கறுப்பு. சன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்தி, இடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்தேன்.

3:20. கரண்ட் போனது. டார்ச்சைப் போட்டேன்.

தகரத்தில் மண் சரசரவென்று அடித்தது. அதற்கு நடுவே...

3:26.

'ப்ர்ர்ர்...'

ஈ. எங்கள் ஊரில் அந்த மாசத்தில் மாட்டு ஈக்கு என்ன பஞ்சம்? சனியன், உள்ளே மாட்டிக்கொண்டது.

'ப்ர்ர்... ப்ர்ர்... ப்ர்ர்ர்ர்...'

டார்ச்சைச் சுழற்றினேன். ஈ தெரியவில்லை. பேஸ்டியின் மேல் இல்லை. கண்ணாடியில் இல்லை. பெஞ்சை நெருங்க நெருங்கச் சத்தம் கூடியது. குனிந்தேன்.

டிரம்பெட்டுக்குள்ளிருந்து வந்தது.

"வெளிய வந்து தொலை!"

தட்டினேன். குலுக்கினேன். வரவில்லை. ஐந்து மணிக்குக் கடிதம், பாழாய்ப் போன பட்டியல், மெர்லின் முகம், இதில் இது வேறு. தலைக்குள் ஏறியது அந்தச் சத்தம். மூன்று குட்டை, ஒன்று நீளம். நிற்கும். மறுபடி மூன்று குட்டை, ஒன்று நீளம்.

எந்த ஈ எண்ணி எண்ணி இரையும்? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

3:41. கையில் கிடைத்த பாலிஷ் துணியை உருட்டி, டிரம்பெட்டின் அகன்ற வாயில் வைத்து அடைத்தேன். கட்டைவிரலால் அழுத்தி, நன்றாக.

சத்தம் கம்மியது.

அப்பாடா என்று டார்ச்சைப் பெஞ்சில் வைத்தேன். வெளிச்சம் டிரம்பெட்டின் மேல் விழுந்தது.

பித்தளையில் ஈரப் படலம். மூச்சு ஊதினால் படியுமே, அது. நான் காலையெல்லாம் ஊதியும் நிற்காதது. வாயைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு...

மங்கியது.

மறுபடி படர்ந்தது.

மங்கியது.

நான் என் மூச்சை அடக்கினேன். என்னுடையது இல்லை.

படர்ந்தது. இந்தத் தடவை முட்டை அளவு.

'ப்ர்...'

மங்கியது.

படர்ந்தது. காசு அளவு.

'ப்...'

பிறகு... ஒன்றும் இல்லை.

எவ்வளவு நேரம் நின்றேனோ. 3:50-க்குத் துணியைப் பிடுங்கினேன். துணி நனைந்திருந்தது. பிழியலாம், அவ்வளவு ஈரம்.

சத்தம் திரும்ப வரவில்லை.

"ஏய்..." என்றேன். யாரைக் கூப்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

4:05. புழுதி வடிந்தது. சன்னலில் சிவப்பு வெளிச்சம். பெஞ்சு, கருவிகள், பேஸ்டி, எல்லாவற்றின் மேலும் செம்மண். டிரம்பெட்டின் ஊதும் முனையில் ஒரு மவுத்பீஸ் செருகியிருந்தது.

என் பையைத் தடவினேன். என்னுடையது பையில்தான் இருந்தது.

உருவி எடுத்தேன். ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. குழியில் தூசி அடைத்திருந்தது. செம்மண் இல்லை. சாம்பல் நிறம், கனமான தூசி. இந்த ஊரில் அது எங்கே இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆயிரத்து ஐந்நூறு அடி கீழே, ஈயப் பாறையில்.

துடைத்தேன். பாலிஷ் படாத எழுத்து, நேற்று அடித்தது போல. ஒரு லண்டன் கம்பெனியின் பெயர். அதன் கீழே எண், 41744. நான்குகளுக்குத் தலை திறந்து, கால் கோணி.

அந்த லண்டன்காரர்கள் மட்டும் மவுத்பீஸிலும் வாத்தியத்தின் எண்ணையே அடிப்பார்கள். முப்பத்தொரு வருஷத் தொழில், அமெரிக்கப் பட்டியலில் போய்த் தேடியிருக்கிறேன்! லண்டன் பட்டியலை எடுத்தேன். 41744. வருஷம் 1931.

ஐந்து மணிக்கு நோயல் வந்தான். தலையெல்லாம் புழுதி.

"டேய், மவுத்பீஸ் ஏது? பெட்டியில இல்லியே."

"பெட்டி வெல்வெட்டுக்கு அடியில இருந்துச்சு."

"நான் பாத்தேனே!"

"நீ எதத்தான் ஒழுங்கா பாத்த?"

பொய்தான். அவனுக்கும் தெரியும். ஆனால் எண் எண்தானே. மாமா வாங்கியது வேறு டிரம்பெட்டாக இருக்கும் என்று முனகிக்கொண்டே கடிதத்தை வாங்கிப் போனான்.

சனிக்கிழமை திறப்பு. ஜோரி கிட்டோ என்று பெயர் எழுதியிருந்தது. ஜெயித்துவிட்டாள் மெர்ல், சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் பார்வை பெயரில் இல்லை. மவுத்பீஸின் மேல் இருந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"இது எங்க கெடச்சுது லென்?"

"பெட்டியில."

"பெட்டியில இருக்க முடியாது. அன்னைக்குக் காலையில அப்பா அத சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தான் எறங்குனாரு. அம்மாவே எடுத்துக் குடுத்தாங்களாம்."

கைப்பையிலிருந்து ஒரு பழைய செய்தித்தாள் துண்டை எடுத்தாள். மடிப்பெல்லாம் கிழிந்து, டேப் ஒட்டியது. 1938 சுரங்க விபத்து விசாரணையில் மீட்புக் குழு ஆள் ஒருவன் சொன்ன சாட்சியம். என்னைப் படிக்கச் சொன்னாள். அது எனக்கு இப்போது மனப்பாடம்.

'காற்றுக் குழாய் உடைந்து, முனை எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. மறுமுனை இடிபாட்டுக்கு அந்தப் பக்கம். உள்ளே இருப்பவர்கள் பாறையைத் தட்டுகிறார்களா என்று காது கொடுத்தோம். குழாய்க்குள் ஓர் ஈ விடாமல் இரைந்தது. எரிச்சலாக இருந்தது. சாக்குத் துணியை உருட்டிக் குழாய் வாயை அடைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஈ ஓய்ந்தது. தட்டும் சத்தம் எதுவும் கேட்கவில்லை.'

உதட்டு வலு குறையாமலிருக்க, பேண்ட்காரர்கள் வெறும் மவுத்பீஸை வாயில் வைத்து ஊதிப் பழகுவார்கள். வாத்தியம் இல்லாமல் அது ஈ இரைவது போலத்தான் கேட்கும். முப்பத்தொரு வருஷமாக என் கொட்டகையில் தினம் தினம் கேட்கிற சத்தம். எனக்கே தெரியவில்லை.

"பாவம் அந்த ஆளு," என்றாள் மெர்ல். "அப்பா ஊதுனத ஈன்னு நெனச்சுட்டான். அவனுக்கு எப்படித் தெரியும்?"

தாளை மடித்து வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்குப் புயலப்போ நீ ஏதாவது கேட்டியா கண்ணு?"

"இல்லை," என்றேன்.

அந்தத் துணி இன்னும் என் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. எங்கள் ஊர் வெயிலில் போர்வையே ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். இதைத் தொட்டுப் பார்க்கிறேன், தினமும். இன்னும் காயவில்லை.